குடும்பத்துடன் காரில் மேற்குத் தேசியப் பூங்காக்களுக்கு: வசந்தகாலப் பயணம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் உள்ள தேசியப் பூங்காக்களை, மார்ச் நடுவிலிருந்து மே இறுதிக்குள், குழந்தைகளையும் ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு காரில் சென்று பார்க்க விரும்பும் குடும்பங்களை மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. லாஸ் வேகஸில் தொடங்கி, உட்டா மாநிலத்தின் சயான், பிரைஸ் கேன்யன் பூங்காக்கள், அரிசோனா மாநிலத்தின் பேஜ் நகரம், கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு ஆகியவற்றைச் சுற்றி மீண்டும் லாஸ் வேகஸ் திரும்பும் வழியே இங்கு முதன்மையாகப் பேசப்படுகிறது. முதல் முறையாகச் செல்லும் குடும்பத்துக்கு இந்த வட்டப்பாதையைவிடப் பொருத்தமான வசந்தகாலப் பயணம் வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

வசந்தகாலத்தில் மேற்கில் உள்ள எல்லாப் பூங்காக்களுக்கும் செல்ல முடியுமா?

முடியாது. பயணத் திட்டங்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். நாட்காட்டியில் வசந்தம் பிறந்துவிட்டாலும், உயரமான மலைகளில் குளிர்காலம் ஜூன் வரைகூட நீடிக்கிறது. மொன்டானா மாநிலத்தின் கிளேசியர் பூங்காவை ஊடறுத்துச் செல்லும் கோயிங் டு தி சன் சாலை, முழு நீளத்துக்கும் திறப்பதற்கு வழக்கமாக ஜூன் பிற்பகுதியோ ஜூலைத் தொடக்கமோ ஆகிவிடும். யெல்லோஸ்டோனில் மேற்கு வாசலிலிருந்து ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றுக்குச் செல்லும் சாலை ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் கார்களுக்குத் திறக்கப்பட்டாலும், மற்றச் சாலைகள் மே முழுவதும் ஒவ்வொன்றாகவே திறக்கின்றன. ஆரிகனின் கிரேட்டர் லேக்கில் ஏரியைச் சுற்றும் சாலை முழுவதும் திறப்பதற்கு ஜூலை ஆகலாம். யோசெமிட்டியில் பள்ளத்தாக்கு ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். பனி உருகும் ஏப்ரல், மே மாதங்களில் அங்குள்ள அருவிகள் பெருகிப் பாய்வதைக் காண்பது தனிப் பேறு. ஆனால் உயர்மலைப் பகுதிக்குச் செல்லும் டியோகா கணவாய்ச் சாலை மே இறுதிக்கு முன் திறப்பது அரிது. சங்கிலியைச் சக்கரங்களில் மாட்டிச் செல்ல வேண்டிய நிலையும் ஏப்ரலில்கூட வரலாம்.

இதற்கு நேர்மாறாக, தாழ்வான பாலைவனப் பூங்காக்களுக்கு மார்ச்சும் ஏப்ரலும்தான் ஏற்ற மாதங்கள். கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே கிடக்கும் டெத் வேலியின் பேட்வாட்டர் பகுதியில் மார்ச் மாதத்தில் இதமாக நடக்கலாம். மே மாதத்தில் அதே இடத்தில் பகல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். ஜோஷுவா ட்ரீ, சகுவாரோ ஆகிய பூங்காக்களுக்கும் இதே கணக்குப் பொருந்தும். உட்டா, அரிசோனா மாநிலங்களின் செம்பாறைப் பூங்காக்கள் இந்த இரு எல்லைகளுக்கும் நடுவில் இருப்பதாலேயே வசந்தகாலத்துக்கு அவற்றைப் பரிந்துரைக்கிறேன்.

அப்படியானால் வானிலையை எப்படிக் கணிப்பது?

தேதியைப் பார்த்துக் கணிக்காமல் உயரத்தைப் பார்த்துக் கணிக்க வேண்டும். லாஸ் வேகஸ் சுமார் 600 மீட்டர் உயரத்திலும், சயான் பள்ளத்தாக்கின் தரை சுமார் 1,200 மீட்டரிலும், கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு சுமார் 2,100 மீட்டரிலும், பிரைஸ் கேன்யனின் விளிம்பு 2,400 மீட்டருக்கு மேலும் உள்ளன. தெற்கு விளிம்பு ஏறக்குறையக் கொடைக்கானலின் உயரத்தில் இருக்கிறது என்றும், பிரைஸ் பூங்காச் சாலை முடியும் ரெயின்போ பாயிண்ட் தொட்டபெட்டாவைவிட உயரமானது என்றும் பெற்றோரிடம் சொன்னால், எந்த அளவுக்குக் கம்பளி எடுத்துவைப்பது என்பதை அவர்களே முடிவு செய்துவிடுவார்கள். ஆனால் அட்சரேகை வேறு என்பதால் குளிர் கொடைக்கானலைவிடக் கடுமையாகவே இருக்கும். ஏப்ரலில் சயானில் பகலில் 23 டிகிரி செல்சியஸ் அளவில் அரைக்கைச் சட்டையுடன் நடக்கலாம். அதே நாள் இரண்டு மணி நேரம் ஓட்டிச் சென்று பிரைஸை அடைந்தால், இரவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போய்விடும். தெற்கு விளிம்பிலும் ஏப்ரல் இரவுகள் உறைநிலையை ஒட்டியே இருக்கும். பனிப்பொழிவும் அங்கு வியப்புக்குரியதன்று.

எனவே ஒரே பெட்டியில் இரு பருவங்களுக்கான துணிகளும் இருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு தடித்த கோட்டைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக அணியக்கூடிய மூன்று மெல்லிய அடுக்குகளும் காற்றைத் தடுக்கும் ஒரு மேலாடையும் பயன்தரும். குல்லா, கையுறை, சூரியக் களிம்பு, உதட்டுக்கான களிம்பு ஆகியவற்றை ஒரே பையில் வைத்துக்கொள்ளலாம். காற்று மிகவும் வறண்டது. குழந்தைகளுக்கு மூக்கில் இரத்தம் வருவதும் உதடு வெடிப்பதும் அங்கு சாதாரணமாக நிகழ்பவை.

எந்த மாதம் சிறந்தது? பள்ளி விடுமுறையில்தான் செல்ல முடியும் என்றால் என்ன செய்வது?

தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து மே நடுப்பகுதி வரையிலான நாட்களையே தேர்ந்தெடுப்பேன். பகல் நீண்டிருக்கும், பிரைஸில் பாதைகளில் உறைந்த பனி பெரும்பாலும் கரைந்திருக்கும், கோடை விடுமுறைக் கூட்டமும் தொடங்கியிருக்காது. ஆனால் பள்ளிக் குழந்தைகள் உள்ள பெரும்பாலான குடும்பங்களுக்கு மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை வரும் ஒரு வார விடுமுறையே வாய்க்கிறது. அந்த வாரங்களில் சயானில் கூட்டம் மிகுந்திருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டு, காலை 7 மணிக்குள் பூங்காவுக்குள் நுழைந்துவிடுவது ஒன்றே வழி. 8 அல்லது 9 மணிக்குள் பார்வையாளர் மையத்தின் வாகன நிறுத்தம் நிரம்பிவிடும். முன்னிரவில் குழந்தைகளை நேரத்துக்குத் தூங்க வைப்பதும் பயணத் திட்டத்தின் ஒரு பகுதி என்று எண்ணிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் மெமோரியல் டே வரும் மே மாதக் கடைசி வார இறுதியை முற்றிலும் தவிர்ப்பது நல்லது.

எத்தனை நாட்கள் தேவை? எந்த வழியாகச் செல்வது?

எட்டு நாட்கள் இருந்தால் அவசரமின்றிச் சுற்றி வரலாம். லாஸ் வேகஸிலிருந்து சயான் வாசலில் உள்ள ஸ்பிரிங்டேல் ஊர் சுமார் 160 மைல். அங்கிருந்து பிரைஸ் சுமார் 85 மைல். பிரைஸிலிருந்து கனாப் வழியாக அரிசோனாவின் பேஜ் நகரம் சுமார் 150 மைல். பேஜிலிருந்து கேமரன் வழியாகக் கிராண்ட் கேன்யன் கிராமம் சுமார் 135 மைல். அங்கிருந்து வில்லியம்ஸ், கிங்மேன் வழியாக லாஸ் வேகஸ் சுமார் 280 மைல். ஆக மொத்தம் 800 மைலுக்குச் சற்று மேல். ஸ்பிரிங்டேலில் இரண்டு இரவுகள், பிரைஸ் அருகில் ஒன்று அல்லது இரண்டு, பேஜில் ஒன்று, கிராண்ட் கேன்யனில் இரண்டு என்று பிரித்துக்கொண்டால், முதல் நாளையும் கடைசி நாளையும் தவிர மற்ற நாட்களில் காரில் அமர்ந்திருக்கும் நேரம் மூன்று மணியை ஒட்டியே அமையும்.

இதே எட்டு நாட்களில் மோஆப் நகரத்தை ஒட்டிய ஆர்ச்சஸ், கேன்யன்லாண்ட்ஸ் பூங்காக்களையும், கேப்பிடல் ரீஃபையும், மானுமென்ட் வேலியையும் சேர்த்துவிடலாமே என்று பலரும் கேட்கிறார்கள். வரைபடத்தில் அவை அருகருகே தெரிவதால் எழும் ஆசை அது. சேர்த்தால், ஒவ்வொரு பூங்காவிலும் காட்சி முனையில் இறங்கி நிழற்படம் எடுத்துவிட்டு மீண்டும் காரில் ஏறும் பயணமாகிவிடும். பின் இருக்கையில் உள்ள ஆறு வயதுக் குழந்தைக்கு நினைவில் நிற்கப்போவது இருக்கை வார் மட்டுமே. அந்தப் பூங்காக்கள் தனியாக ஒரு வாரப் பயணத்துக்கு உரியவை. பத்து அல்லது பன்னிரண்டு நாட்கள் கிடைப்பவர்கள் பிரைஸிலிருந்து 12ஆம் எண் நெடுஞ்சாலை வழியாகக் கேப்பிடல் ரீஃபுக்கும், அதைக் கடந்து மோஆபுக்கும் சென்று, மானுமென்ட் வேலி வழியாகப் பேஜுக்கு இறங்கலாம். குறைந்த நாட்களே உள்ளவர்கள் இடங்களைக் குறைக்க வேண்டுமே தவிர, ஓர் இடத்தில் தங்கும் நேரத்தைக் குறைக்கக் கூடாது. ஐந்து நாட்கள்தான் என்றால் சயானும் பிரைஸும் மட்டும் போதும்.

கிராண்ட் கேன்யனின் வடக்கு விளிம்பையும் பார்க்கலாமா?

வசந்தகாலத்தில் வேண்டாம். தெற்கு விளிம்பைவிட 300 மீட்டருக்கு மேல் உயரமான வடக்கு விளிம்பு, வழக்கமான ஆண்டுகளிலேயே மே நடுவில்தான் திறக்கும். 2025 ஜூலையில் ட்ராகன் பிராவோ காட்டுத்தீயில் அங்கிருந்த வரலாற்றுச் சிறப்புமிக்க கிராண்ட் கேன்யன் லாட்ஜ் எரிந்துபோனது. இரு விளிம்புகளும் நேர்கோட்டில் சில மைல் இடைவெளியில் இருந்தாலும் சாலை வழியே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு 200 மைலுக்கு மேல் சுற்ற வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளவும்.

தங்குமிடத்தை எவ்வளவு முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும்?

கிராண்ட் கேன்யன் விளிம்பில் உள்ள விடுதிகளுக்குப் பதின்மூன்று மாதங்கள் முன்னதாகவே பதிவு தொடங்கிவிடுகிறது. 1905இல் கட்டப்பட்ட எல் டோவர் விடுதியில் வசந்தகால விடுமுறை வாரத்துக்கு அறை கிடைப்பது கடினம். சற்று உள்ளே தள்ளியிருக்கும் யாவபாய், மாஸ்விக் விடுதிகளில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். இடம் இல்லை என்று காட்டினாலும் மனம் தளர வேண்டாம். ரத்து செய்பவர்கள் எப்போதும் இருப்பார்கள் என்பதால், புறப்படுவதற்கு முந்தைய சில வாரங்களில் தினமும் ஒருமுறை பதிவுத் தளத்தைப் பார்ப்பது பலன் தரும். பூங்காவுக்குள் தங்குவதற்கு ஆகும் கூடுதல் செலவைக் கிராண்ட் கேன்யனில் மட்டும் தயங்காமல் செய்யச் சொல்வேன். சூரியன் மறைந்தபின் பேருந்துக் கூட்டம் கலைந்து விளிம்பு அமைதியாகும் நேரமும், விடியலின் முதல் ஒளி பாறைகளில் ஏறும் நேரமும், அங்கே தங்குபவர்களுக்கே எளிதாக வாய்க்கின்றன. இடம் கிடைக்காவிட்டால் தெற்கு வாசலை ஒட்டிய துசாயானும், அடுத்து வில்லியம்ஸ் ஊரும் உண்டு.

சயானுக்கு ஸ்பிரிங்டேல் வசதியானது. ஊர் முழுவதும் ஓடும் இலவச ஷட்டில் பேருந்தில் ஏறி வாசலில் இறங்கிவிட்டால் வாகன நிறுத்தக் கவலையே இல்லை. செலவைக் குறைக்க விரும்புவோர் கனாபில் தங்கலாம். இந்தச் சிற்றூர்களில் குஜராத்திக் குடும்பங்கள் நடத்தும் மோட்டல்களைக் காண்பது இயல்பு. அறையில் மைக்ரோவேவ் இருக்கிறதா, சிறு குக்கர் வைத்துக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது.

கூடாரம் அடித்துத் தங்குவதைப் பொறுத்தவரை, சயானின் வாட்ச்மேன் முகாமும் கிராண்ட் கேன்யனின் மேதர் முகாமும் ஆறு மாதங்கள் முன்னதாகப் பதிவுக்குத் திறக்கின்றன. ஏப்ரலில் சிறு குழந்தைகளுடன் பிரைஸில் கூடாரத்தில் இரவு தங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நுழைவுக் கட்டணம் எவ்வளவு? ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்குத் தனிக் கட்டணம் உண்டா?

சயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூன்றிலும் ஒரு காருக்கு 35 டாலர். ஏழு நாட்களுக்குச் செல்லும். மூன்றுக்கும் தனித்தனியே செலுத்துவதைவிட, எல்லாத் தேசியப் பூங்காக்களுக்கும் செல்லுபடியாகும் ஆண்டு அனுமதி அட்டையை 80 டாலருக்கு வாங்குவது லாபம். அமெரிக்காவில் வசிக்கும் நான்காம் வகுப்பு மாணவர் ஒருவர் குடும்பத்தில் இருந்தால், எவ்ரி கிட் அவுட்டோர்ஸ் திட்டத்தில் இலவச அனுமதி பெறலாம். அது காரில் உள்ள குடும்பத்தினருக்கும் பொருந்தும். பதினைந்து வயது வரை உள்ளவர்களுக்கு எங்கும் கட்டணமில்லை.

2026 ஜனவரி 1 முதல் ஒரு முக்கியமான மாற்றம் நடைமுறைக்கு வந்துள்ளது. 80 டாலர் அட்டை அமெரிக்காவில் வசிப்போருக்கு மட்டுமே உரியது. வெளிநாட்டில் வசிப்போருக்கான ஆண்டு அட்டை 250 டாலர். அந்த அட்டை இல்லாமல் வரும் வெளிநாட்டவர், பதினொரு முன்னணிப் பூங்காக்களில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகச் செலுத்த வேண்டும். சயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூன்றுமே அந்தப் பட்டியலில் உள்ளன. சுற்றுலா விசாவில் வந்திருக்கும் பெற்றோரை அழைத்துச் செல்வோர், இந்த விதி தங்கள் காருக்கு எப்படிப் பொருந்துகிறது என்பதைத் தேசியப் பூங்கா சேவையின் இணையதளத்தில் புறப்படுவதற்கு முந்தைய வாரம் படித்துவிட்டு, அட்டை வைத்திருப்பவரின் அரசு அடையாள அட்டையையும் பெற்றோரின் கடவுச்சீட்டுகளையும் கையில் வைத்திருக்க வேண்டும். 62 வயதானோருக்கான சலுகை அட்டை அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றோருக்கும் மட்டுமே உண்டு; வருகையாளராக வந்த பெற்றோருக்கு அது கிடைக்காது.

பல பூங்காக்களின் வாசல்களில் ரொக்கம் வாங்குவதில்லை. வங்கி அட்டையைத் தயாராக வைத்திருக்கவும். நவஹோ தொல்குடி மக்களின் நிலத்தில் உள்ள ஆன்டலோப் கேன்யன் (பேஜ் அருகிலுள்ள குறுகிய பாறைப் பிளவு), மானுமென்ட் வேலி ஆகியவை தேசியப் பூங்காக்கள் அல்ல என்பதால் அங்கே ஆண்டு அட்டை செல்லாது.

சயானில் குழந்தைகளுடன் எங்கெல்லாம் நடக்கலாம்?

வசந்தகாலத்தில் சயான் பள்ளத்தாக்கின் உட்சாலையில் சொந்தக் கார்களுக்கு அனுமதியில்லை. பூங்காவின் இலவச ஷட்டில் பேருந்தில்தான் செல்ல வேண்டும். அதற்கு முன்பதிவு தேவையில்லை. பேருந்தில் கடைசி நிறுத்தம் வரை சென்று, அங்கே தொடங்கும் ரிவர்சைட் வாக் பாதையில் முதலில் நடந்துவிட்டு, பிறகு ஒவ்வொரு நிறுத்தமாகத் திரும்பி வருவது கூட்டத்தைத் தவிர்க்க உதவும். போக வர 2.2 மைல் உள்ள அந்தப் பாதை ஆற்றை ஒட்டிச் செல்கிறது. பாறைச் சுவர்களிலிருந்து நீர் கசிந்து தொங்கும் தோட்டங்கள் போல் செடிகள் படர்ந்திருப்பதைக் குழந்தைகள் நின்று பார்க்கலாம். பாரஸ் பாதை சக்கர நாற்காலிக்கும் ஸ்ட்ரோலருக்கும் ஏற்றவாறு தளமிடப்பட்டது. பிரைஸ் செல்லும் வழியில், 1930இல் திறக்கப்பட்ட 1.1 மைல் நீளச் சுரங்கச் சாலையைக் கடந்ததும் வரும் கேன்யன் ஓவர்லுக் பாதை ஒரு மைல்தான். ஆனால் சில இடங்களில் ஓரம் செங்குத்தாக இறங்குவதால் சிறுவர்களைக் கைப்பிடித்தே அழைத்துச் செல்ல வேண்டும்.

ஆற்றுக்குள்ளேயே நடக்கும் நேரோஸ் பயணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வசந்தத்தில் செல்வோர் ஏமாற்றமடைய நேரிடும். மேட்டுநிலத்துப் பனி உருகி வர்ஜின் ஆறு பெருகும் காலம் அது. நீரோட்டம் நொடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் பூங்கா நிர்வாகம் அந்தப் பாதையை மூடிவிடும். ஏப்ரலில் அது மூடியிருக்கும் என்று கருதியே திட்டமிடவும். ஆற்றில் நச்சுத்தன்மையுள்ள நீலப்பச்சைப் பாசி 2020 முதல் கண்டறியப்பட்டு வருவதால், குழந்தைகள் தலையை நீரில் முக்குவதும் ஆற்று நீரைக் குடிப்பதும் கூடாது. சங்கிலியைப் பிடித்துக் குறுகிய பாறை முதுகின் மேல் ஏறும் ஏஞ்சல்ஸ் லாண்டிங் பாதைக்கு 2022 ஏப்ரல் முதல் குலுக்கல் முறையில் அனுமதி வழங்கப்படுகிறது. அது கிடைத்தாலும் சிறு குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்வது தவறு என்பதே என் கருத்து.

பிரைஸுக்கு ஒரு நாள் போதுமா?

ஓர் இரவு தங்கினால் போதும். இரவு தங்காமல் போவது மட்டும் வேண்டாம். பகலில் நீர் பாறை விரிசல்களுக்குள் இறங்குவதும், இரவில் உறைந்து விரிந்து பாறையைப் பிளப்பதும் ஆண்டில் ஏறக்குறையப் பாதி நாட்கள் நடப்பதால்தான், ஹூடூ எனப்படும் ஆயிரக்கணக்கான செந்நிறப் பாறைத் தூண்கள் அங்கே உருவாகியிருக்கின்றன. நீங்கள் நடுங்கிக்கொண்டு நிற்கும் அந்தக் குளிரே இந்தக் காட்சியைச் செதுக்கியது என்று குழந்தைகளுக்குச் சொல்லலாம். அப்பகுதியின் தொல்குடியினரான பையூட் மக்கள், இத்தூண்கள் தீய நடத்தைக்காகக் கயோட்டி என்னும் நரித்தெய்வத்தால் கல்லாக்கப்பட்ட மனிதர்கள் என்று கதை சொல்வார்கள். அகலிகையின் கதை கேட்டு வளர்ந்த பாட்டிக்கு இந்தக் கதையைப் பேரப்பிள்ளைகளிடம் தொடர்வது எளிது.

சன்ரைஸ் பாயிண்டுக்கும் சன்செட் பாயிண்டுக்கும் இடையிலான சமதளப் பாதை எல்லோருக்கும் உகந்தது. நடக்கக்கூடிய குழந்தைகள் குயின்ஸ் கார்டன், நவஹோ லூப் ஆகியவற்றை இணைத்துச் சுமார் மூன்று மைல் நடந்து தூண்களின் நடுவே இறங்கி ஏறலாம். மார்ச்சில் அந்தப் பாதைகளின் வளைவுகளில் பனி இறுகிக் கண்ணாடிபோல் வழுக்கும். காலணியில் மாட்டும் கூர்முனைப் பட்டைகள் இல்லாமல் இறங்க வேண்டாம். இரவில் நிலவில்லாத நாளாக அமைந்தால், விண்மீன்களைக் காண்பதற்காகவே அரை மணி நேரம் குளிரைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பேஜ் நகரத்தில் நேரக் குழப்பம் வரும் என்கிறார்களே, அது என்ன?

அரிசோனா மாநிலம் கோடைகால நேர மாற்றத்தைக் கடைப்பிடிப்பதில்லை. உட்டாவும், அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவஹோ தேசமும் கடைப்பிடிக்கின்றன. அதனால் மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு லாஸ் வேகஸும் பேஜும் ஒரே நேரத்தில் இருக்க, இடையில் உள்ள சயானும் பிரைஸும் ஒரு மணி நேரம் முன்னே இருக்கும். பேஜ் நகரம் எல்லையை ஒட்டியிருப்பதால் கைப்பேசி எந்தக் கோபுரத்தின் அலையைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். ஆன்டலோப் கேன்யன் வழிகாட்டிகள் பேஜ் நகரத்தின் நேரத்தையே கணக்கில் கொள்கிறார்கள். மானுமென்ட் வேலியிலோ நவஹோ நேரம். கைப்பேசியில் தானியங்கி நேர மாற்றத்தை நிறுத்திவிட்டு அரிசோனா நேரத்தைக் கையால் அமைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

ஆன்டலோப் கேன்யனுக்குள் நவஹோ வழிகாட்டியுடன் மட்டுமே செல்ல முடியும். 1997 ஆகஸ்டில் தொலைவில் பெய்த மழையால் திடீரெனப் பாய்ந்த வெள்ளத்தில் கீழ்ப்பகுதியில் பதினொரு பயணிகள் உயிரிழந்தனர். வானிலை காரணமாக வழிகாட்டிகள் பயணத்தை ரத்து செய்தால் வாதிடாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். முதியவர்கள் உடனிருந்தால் உள்ளே பெரும்பாலும் சமதளமான மேற்பகுதியையும், படிகளிலும் ஏணிகளிலும் ஏறி இறங்க முடிந்தவர்கள் கீழ்ப்பகுதியையும் தேர்ந்தெடுக்கலாம். அருகிலுள்ள ஹார்ஸ்ஷூ பெண்டில் கொலராடோ ஆறு குதிரை லாட வடிவில் வளைந்து செல்வதைக் காணச் சுமார் ஒன்றரை மைல் நடந்து திரும்ப வேண்டும். விளிம்பில் ஒரு பகுதிக்கு மட்டுமே தடுப்புக் கம்பி உண்டு.

கிராண்ட் கேன்யனில் இரண்டு நாட்களை எப்படிச் செலவிடுவது?

பேஜிலிருந்து கேமரன் வழியாக வருவதால் கிழக்கு வாசலில் நுழைவீர்கள். முதலில் வரும் டெசர்ட் வியூவில், மேரி கோல்ட்டர் வடிவமைத்து 1932இல் கட்டப்பட்ட கற்கோபுரம் நிற்கிறது. ஆற்றின் நீண்ட பகுதி கண்ணில் படும் இடம் அது. அடுத்த நாள் காலையில் யாவபாய் நிலவியல் அருங்காட்சியகத்தில் தொடங்கி, காலத்தின் பாதை என்று பெயரிடப்பட்ட விளிம்புப் பாதையில் கிராமத்தை நோக்கி நடக்கச் சொல்வேன். அதில் ஒவ்வொரு மீட்டரும் பத்து லட்சம் ஆண்டுகளைக் குறிக்கிறது. அந்தந்தக் காலத்துப் பாறைத் துண்டுகள் வழியோரத்தில் வைக்கப்பட்டுள்ளன. குழந்தைகள் அவற்றைத் தொட்டுப் பார்க்கலாம். விளிம்பில் நாம் நிற்கும் சுண்ணாம்புப் பாறைக்கு வயது சுமார் 27 கோடி ஆண்டுகள். ஆழத்தில், ஆற்றை ஒட்டி இருண்டு தெரியும் பாறைகள் 170 கோடி ஆண்டுகள் பழமையானவை. அவற்றுக்கு நிலவியலாளர்கள் இட்ட பெயர் விஷ்ணு பாறைகள். பள்ளத்தாக்குக்குள் எழும் கொடுமுடிகளுக்கு விஷ்ணு கோயில், பிரம்மா கோயில், சிவன் கோயில் என்று பெயர்கள் உள்ளன. 1880களில் இப்பகுதியை ஆராய்ந்த கிளாரன்ஸ் டட்டன், கீழை நாட்டுக் கோயில்களின் கட்டமைப்பை இந்த முகடுகளில் கண்டு இத்தகைய பெயரிடும் மரபைத் தொடங்கினார். காட்சி முனைகளில் உள்ள பலகைகளைப் பார்த்து அவற்றைக் கண்டுபிடிக்குமாறு தாத்தாவையும் பேத்தியையும் ஒன்றாக அனுப்பிவைத்தால், ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

மார்ச் 1 முதல் நவம்பர் 30 வரை ஹெர்மிட் சாலையில் சொந்தக் கார் செல்ல முடியாது; இலவசப் பேருந்தில் மேற்கு முனைகளைப் பார்க்கலாம். உள்ளே இறங்க விரும்பும் பெரிய பிள்ளைகள் தெற்கு கைபாப் பாதையில் ஊ ஆ பாயிண்ட் வரை, போக வர 1.8 மைல், சென்று வரலாம். இறங்கும் நேரத்தைப்போல இரு மடங்கு நேரம் ஏறுவதற்கு ஆகும் என்பதைக் கணக்கில் கொள்ளவும். ஒரே நாளில் ஆற்றங்கரை வரை இறங்கித் திரும்பும் முயற்சி கூடாது என்று பூங்கா நிர்வாகம் எச்சரிக்கிறது.

விளிம்பின் பெரும்பகுதியில் கம்பி வேலி இல்லை. நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு ஒரு பெரியவர் என்று பொறுப்பைப் பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற நிலை மிகவும் ஆபத்தானது. நிழற்படத்துக்காகப் பின்னோக்கி நடப்பதைப் பெரியவர்களும் தவிர்க்க வேண்டும்.

குழந்தைகள் சலித்துப்போகாமல் இருக்க என்ன வழி?

ஜூனியர் ரேஞ்சர் திட்டத்தைவிட நல்ல வழி இல்லை. ஒவ்வொரு பூங்காவின் பார்வையாளர் மையத்திலும் ஒரு பயிற்சிப் புத்தகம் தருவார்கள். அதில் வயதுக்கேற்ற பக்கங்களை நிரப்பிக் காட்டினால், சீருடை அணிந்த ரேஞ்சர் கையுயர்த்தி உறுதிமொழி எடுக்கச் செய்து பேட்ஜ் அளிப்பார். பூங்காவுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக இந்தப் புத்தகத்தைப் பெற்றுவிட்டால், அதன்பின் எந்தப் பாதையில் நடப்பது என்பதைக் குழந்தைகளே சொல்வார்கள்.

வயதான பெற்றோருக்கு இந்தப் பயணம் ஏற்றதா?

ஏற்றதுதான், ஆனால் அவர்களது வேகத்துக்கு ஏற்ப நாளை அமைக்க வேண்டும். உயரமும் வறட்சியும் சேர்ந்து முதல் நாள் தலைவலி, மூச்சிரைப்பு, தூக்கமின்மை தரலாம். சயானில் இரு இரவுகள் தங்கிய பிறகு பிரைஸுக்கு ஏறும் இந்த வரிசை, உடல் படிப்படியாகப் பழக உதவுகிறது. இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள் புறப்படும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். பெரிய மருத்துவமனைகள், சயானுக்குச் செல்லும் வழியில் உள்ள செயின்ட் ஜார்ஜ், கிராண்ட் கேன்யனுக்குத் தென்கிழக்கே உள்ள ஃபிளாக்ஸ்டாஃப் போன்ற நகரங்களில்தான் உள்ளன. எனவே மாத்திரைகளைக் கூடுதல் நாட்களுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்வதும், வருகையாளர் மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் கையோடு வைத்திருப்பதும் அவசியம். பிற்பகலில் இரண்டு மணி நேர ஓய்வு எல்லோருக்கும் நல்லது. குழந்தைகளுக்கும் அதே நேரத்தில்தான் தூக்கம் வரும்.

சைவச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பூங்காக்களுக்குள் சைவ உணவு கிடைக்கும். ஆனால் வகைகள் குறைவு, மூன்றாம் நாளில் பெற்றோருக்குச் சோறு வேண்டியிருக்கும். சிறிய ரைஸ் குக்கர், அரிசி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், ஒரு ஐஸ் பெட்டியில் தயிர் ஆகியவை இருந்தால் இந்தக் கவலை தீரும். லாஸ் வேகஸிலோ செயின்ட் ஜார்ஜிலோ பெரிய கடையில் பழம், ரொட்டி, தண்ணீர் வாங்கிக்கொள்ளவும். அதன்பின் கடைகள் சிறியவை, விலையும் அதிகம். காலையில் கட்டிய புளியோதரையும் தயிர்ச்சோறும் விளிம்பில் அமர்ந்து உண்பதற்கு ஏற்றவை. அணில்களுக்கு மட்டும் ஒரு பருக்கைகூடக் கொடுக்க வேண்டாம்: அவை கடிக்கும், அவற்றுக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றமும் ஆகும்.

காரும் சாலையும் குறித்துக் கவனிக்க வேண்டியவை யாவை?

ஐந்து பேருக்கு மேல் என்றால் மினிவேன் வசதி. உட்டாவிலும் அரிசோனாவிலும் எட்டு வயது வரை, அல்லது 57 அங்குல உயரம் எட்டும் வரை, குழந்தைகளுக்கு உரிய கார் சீட்டோ பூஸ்டரோ கட்டாயம். வாடகை நிறுவனத்தை நம்பாமல் உங்களுடையதையே எடுத்துச் செல்லுங்கள். 11 அடி 4 அங்குல உயரத்தையோ 7 அடி 10 அங்குல அகலத்தையோ தாண்டும் வீட்டு வண்டியில் செல்வோருக்குச் சயான் சுரங்கச் சாலையில் கட்டுப்பாடுகள் உள்ளன. அவர்கள் வழியை முன்பே மாற்றித் திட்டமிட வேண்டும்.

கைப்பேசி அலை பல மணி நேரம் கிடைக்காது என்பதால் வரைபடங்களை இறக்கி வைத்துக்கொள்ளவும். எரிபொருள் பாதிக்குக் கீழே இறங்கும் முன் நிரப்பவும். கனாபிலும் பேஜிலும் தவறாமல் நிரப்பவும். அந்திக்குப் பிறகு ஓட்டுவதைத் தவிர்ப்பது நல்லது: உட்டாவில் மான்கள் சாலையில் பாயும், நவஹோ நிலத்தில் குதிரைகளும் மாடுகளும் வேலியின்றித் திரியும்.

பனி பெய்து சாலை மூடப்பட்டால் என்ன செய்வது?

மாற்று ஏற்பாட்டை வீட்டிலேயே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். பிரைஸில் பனிப்புயல் வரும் என்று தெரிந்தால் சயானில் இன்னோர் இரவு தங்கலாம். சயான் ஆயிரம் மீட்டருக்கு மேல் தாழ்வாக இருப்பதால் அங்கே அது பெரும்பாலும் மழையாகவே பெய்யும். அதற்கு இடம் தரும்படி, ரத்து செய்யக்கூடிய அறைகளையே பதிவு செய்யவும். வில்லியம்ஸை ஒட்டிய நெடுஞ்சாலையும் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் உள்ளதால், திரும்பும் நாளில் பனி பெய்தால் காலை வெயில் ஏறிச் சாலை துப்புரவாகும் வரை காத்திருந்து புறப்படுவது நல்லது. விமானத்தை அன்றிரவே பிடிக்க வேண்டும் என்ற நிலை இல்லாமல், கடைசி இரவை லாஸ் வேகஸில் ஒதுக்கிவைத்தால் அந்தக் காத்திருப்பு சாத்தியமாகும். பனி பெய்த மறுநாள் பிரைஸின் செந்தூண்கள் வெண்மை போர்த்தி நிற்கும். சாலை திறந்ததும், முன்பு போட்ட திட்டத்தை ஒதுக்கிவிட்டு, முதல் வேலையாக அங்கே செல்லுங்கள்.